தொண்டையில் இல்லாத எலும்பு

அன்று சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷம். கணக்குப் பாடம் இழுத்துக்கொண்டு போனதால் பள்ளிக்கூட மணியைப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் அடித்தேன். அதனால் நேரம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். மணியடித்த இரும்புக் கம்பியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால், சாமை வைக்கோல் அடுக்கியிருந்த கொட்டகையிலிருந்து என் மகளின் அலறல் கேட்டது. ஓடினேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. வலது மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. கடித்தது எங்கள் வீட்டு நாய் செம்பி. குட்டி போட்டிருந்த அது கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு, கழுத்து மயிர் சிலிர்க்க, பல்லைக் காட்டி உறுமிக்கொண்டிருந்தது. என் மகளைப் பார்த்து அல்ல. அவளுக்குப் பின்னால் வாலைத் தொங்கவிட்டு நின்றிருந்த பக்கத்து வீட்டு நாய் துரையைப் பார்த்து. அதை நான் அப்போதே கண்ணால் பார்த்தேன். அதன் பொருள் விளங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் துரையை வளர்த்த அக்கா இல்லாமல் போனாள்.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், அவர் வீட்டு நாய் குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு குட்டி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "கடுவன் வேணுமா, பொட்டை வேணுமா டீச்சர்? கடுவன்னா பாசமா இருக்கும், ஆனா ஊர் சுத்தும். பொட்டைன்னா வாசலை விட்டு நகராது, ஆனா சிடுசிடுன்னு இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்த ஆணையும் பெண்ணையும் அடுத்தடுத்த வாசலில் வைத்துப் பார்த்தவள் நான். ஆனாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து, மகள் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னம்மா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தாள். அவளுக்கு இது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நானும் என் கணவரும் ஜவ்வாது மலையில் ஒரு சிறிய ஊரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தோம். அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியை. அவ்வளவுதான் பள்ளி. மழை விட்ட நாட்களில் காவலூர்ப் பக்கத்து வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். அமிர்தி வழியாக வரும் பஸ் ஊருக்குக் கீழே நிற்கும், அங்கிருந்து ஏறி வரவேண்டும். எங்கள் வீட்டுக்கும் அக்காவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கொஞ்சம் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, ஆறேழு புளியமரம், ஆடுகள். என் மகள் எங்கள் வீட்டில் தூங்கினாள், மற்றபடி அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள் என்று சொல்வது தப்பாகாது.

அந்த மலையில் கடுவன் குட்டிக்குத்தான் மரியாதை. பொட்டைக் குட்டியை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், ஒரு நாள் கோணிப்பையோடு வந்து பலாமரத்தடியில் உதறினார். இரண்டு குட்டிகள் விழுந்தன. "ஒண்ணுதான் கேட்டேன். நான் பீடி பத்த வச்சிகினு இருக்கசொல்ல பொட்டையும் சேத்துப் போட்டுட்டான் களவாணி" என்று குட்டி கொடுத்தவனைத் திட்டினார். அக்கா பையனைத் தூக்குவதுபோலக் கறுப்புக் கடுவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செம்பட்டை நிறத்தில் இருந்த பொட்டையைக் காட்டி, "அத்த டீச்சரம்மாவுக்குக் குடு. படிச்சவங்க, பொட்டைன்னு தொரத்த மாட்டாங்க" என்றாள். இப்படித்தான் செம்பி எங்களுக்கு வந்தது. கடுவன் படுத்திருந்த தோரணையைப் பார்த்து அக்காவே அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள்.

இரண்டு நாய்களை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லா நாய்களுக்கும் விதி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அந்த இரண்டும் வேறு வேறாக இருந்தன. துரை யார் கூப்பிட்டாலும் போகும். பஸ்ஸிலிருந்து இறங்குகிற புது ஆளுக்கும் வாலாட்டி, அவர் பைக்குள் தலையை விட்டுப் பார்த்து, ஊர்வரை கூட்டிக்கொண்டு வரும். செம்பியை நான் கூப்பிட்டாலே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழும். தடவினால் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். என் மகள் வாசலில் விளையாடினால் துரை அவள்மேல் விழுந்து புரளும். செம்பி பத்தடி தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். முதலில் அதற்குப் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது பார்க்கிற இடத்தைப் பார்த்தேன். காட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு வருகிற ஒற்றையடிப் பாதையை அது பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய வித்தியாசம் வலியில் தெரியும். துரைக்கு மறைக்கவே தெரியாது. காலில் முள் குத்தினால் மூன்று காலில் நொண்டிக்கொண்டு, வாசல் வாசலாக நின்று முனகிவிட்டு, கடைசியில் அக்காவின் மடியில் காலை நீட்டும். முள்ளை எடுத்த பிறகும் யாராவது பார்த்தால் நொண்டும். பார்க்காவிட்டால் நாலு காலில் ஓடும். செம்பிக்கு ஒரு மழைக்காலத்தில் பன்றி தொடையைக் கிழித்திருந்தது. தழும்பைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. வலி வந்தால் அது மனிதர்களிடம் வராது, எங்கோ ஒதுங்கிவிடும்.

"தொரைக்கு முள்ளு குத்திச்சாம். ஊருக்கே சேதி சொல்லிகினு வர்றாரு பாரு" என்று அக்கா சிரிப்பாள். "எங்க வூட்டுக்காரரும் இதே ரகந்தான் டீச்சரம்மா. தலைவலின்னா மூணு ஊருக்குக் கேக்கும்."

அண்ணன் விடமாட்டார். "நீ மட்டும் இன்னாவாம்? அருவா வெட்டுனாலும் வாயத் தொறக்க மாட்ட. கொழம்புல ரத்தம் சொட்டுனப்புறந்தான் நமக்கு வெவரம் தெரியும்."

"கொழம்பு நல்லா இருந்திச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

அந்த வருஷம் ஐப்பசியில் துரை வழக்கம்போலக் காணாமல் போயிற்று. பொட்டைகளைத் தேடி மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காது கிழிந்து, முகமெல்லாம் கடிபட்டு வந்து சேர்ந்தது. அக்கா வேப்பெண்ணெய் போட்டு, சோறு பிசைந்து ஊட்டி, "போன எடத்துல சம்பந்தம் அமையலியா தொர?" என்று கேலி செய்து தேற்றினாள். மார்கழி பிறந்ததும் செம்பி கொட்டகையில் நாலு குட்டி போட்டது. என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. செம்பி அவளைப் பக்கத்தில் விட்டது, என்னையும் விட்டது. துரையை மட்டும் விடவில்லை. முதல் சில நாட்கள் அதையும் விட்டிருந்தது. திடீரென்று, கடிபட்ட அந்த நாளுக்கு முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ, துரை எங்கள் வாசலுக்கு வந்தாலே பாய்ந்து விரட்ட ஆரம்பித்தது. துரை திருப்பிக் குரைக்கவில்லை. அதன் குரலே கொஞ்சம் கம்மியிருந்தது. "கூடப் பொறந்தவன் மேலயே இன்னா ஆத்திரம் பாரு. புள்ள பெத்தவ, அப்டித்தான் இருப்பா" என்றாள் அக்கா. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

துரையைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனது என் மகள்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. குட்டி பிறந்த அன்றே அக்கா அவளிடம் விளையாட்டாகச் சொல்லியிருந்தாள்: "தொர யாரு? செம்பிக்கு அண்ணன். அப்போ குட்டிங்களுக்குத் தாய்மாமன். மாமன் மொறையா வந்து பாக்க வேணாமா?" அந்த ஊரில் தாய்மாமன் வந்து பார்க்காத பிள்ளைக்குப் பெயர்கூட வைக்க மாட்டார்கள். என் மகள் அந்தப் பேச்சை மனசிலேயே வைத்திருந்தாள். என் சிவப்பு ரிப்பனைத் துரையின் கழுத்தில் கட்டி, செவந்திப்பூ செருகி, ஒரு கொட்டாங்கச்சியில் பொரி எடுத்துக்கொண்டு, அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து மாமன் சீர் கொண்டுபோனாள். செம்பி உறுமியது. இவள் துரையை விடவில்லை. செம்பி அவள் கையைக் கடித்துத்தான் துரையை விடவைத்தது.

சோப்புப் போட்டுக் கழுவி, மறுநாள் காலையிலேயே மலையில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி லேசானதல்ல, சிலருக்கு அதுவே கை காலை முடக்கிவிடும், நாய் கண்ணெதிரே இருந்தால் பத்து நாள் பாருங்கள், நாய் செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வேலூருக்கு ஓடுங்கள் என்றார். ஊரில் எல்லோரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்கள். குட்டி போட்ட பொட்டை கடித்தால் அது கோபம், வெறி அல்ல. கடுவன் காரணமில்லாமல் கடித்தால்தான் பயப்பட வேண்டும். அதனால் பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் செம்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கிறதா, சோறு தின்கிறதா, கண் சிவக்கிறதா?

துரையை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அக்கா பார்த்தாள். துரையின் தாடை தொங்கிவிட்டது, எச்சில் ஒழுகியது, சோற்றை மோந்து பார்த்துவிட்டு முழுங்க முடியாமல் நின்றது. வெறிநாய் என்றால் எங்களுக்குத் தெரிந்தது, வாலைத் தொங்கவிட்டு ஊரெல்லாம் ஓடி, கண்ணில் பட்டதைக் கடிப்பது. துரை ஓடவில்லை, கடிக்கவில்லை. எப்போதும்போல அக்காவின் மடியில் வந்து தலையை வைத்தது. "எலும்பு மாட்டிக்கிச்சி. பொழுதுக்கும் திருட்டுத் தீனி தின்னா இன்னா ஆவும்?" என்று அக்கா அதன் வாயைப் பிளந்து, கையை உள்ளே விட்டு, அடித்தொண்டைவரை துழாவினாள். "ஒண்ணும் ஆப்படல டீச்சரம்மா. நல்லா உள்ள போயிருச்சாட்டம் கீது" என்று என்னிடம் வந்து சொன்னாள். மறுநாள் மறுபடியும் துழாவினாள். அதற்கு அடுத்த நாள் துரை செத்தது. பலாமரத்துக்கு மேற்கே புதைத்துவிட்டு, "பட்டினியாப் போய்ட்டியே தொர" என்று அழுதாள். தேற்ற எனக்கு நேரமில்லை. அன்று காலையில்தான் கொட்டகை காலியாகக் கிடந்தது. செம்பியும் இல்லை, குட்டிகளும் இல்லை.

அன்று எனக்கு இருந்த பயத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. டாக்டர் சொன்னது நடந்துவிட்டது. கடித்த நாய் காணோம். என் கணவர் காட்டில் தேட நின்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பின்னாலேயே அக்கா ஒரு மாற்றுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு வந்து ஏறினாள். "நீங்க எங்க அக்கா?" என்றேன். "பாப்பாவ நீ ஒத்தையா புடிச்சிடுவியா? போ டீச்சர், ஜன்னலாண்ட ஒக்காரு" என்றாள். பயத்தில் அவளுக்கு என்மேல் இருந்த 'அம்மா'வும் 'ங்க'வும் போய்விட்டிருந்தன. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வேலூரில் என் கணவரின் உறவினர் வீட்டில் தங்கி, தினமும் காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். பெரிய ஊசி. வயிறு வீங்கி, சட்டை பட்டாலே என் மகள் துடிப்பாள். ஊசி போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்காதான் அவள் கால்களை மடியில் இறுக்கிக்கொண்டு, "செம்பி குட்டிக்கு இன்னா பேரு வைக்கலாம்? சொல்லு சொல்லு, ஊசி போறதுக்குள்ள சொல்லு" என்று கத்துவாள். அப்படியே நாலு குட்டிக்கும் பெயர் வைத்தார்கள். அக்காவின் வலது கை விரல் மூட்டுகளில் மஞ்சள் பூசியிருந்தது. என்ன என்று கேட்டேன். "முள்ளு கீறிச்சி" என்றாள். ஊசி போடுகிறவருக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. தினமும் அந்தக் கை அங்கேதான் இருந்தது.

கொஞ்ச நாளில் என் கணவர் சிரித்த முகத்தோடு வந்தார். செம்பி திரும்பிவிட்டது; பத்து நாள் கணக்கு முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஓடைக்கு மேலே பாறை இடுக்கில் குட்டிகளை வைத்திருந்ததாம். ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து, பழைய கொட்டகையிலேயே போட்டுவிட்டுச் சோற்றுக்கு நின்றதாம். துரை செத்து இரண்டு நாள் கழித்து. அதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாய் நன்றாக இருக்கிறது என்றால் ஊசி போதும் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். அக்கா அங்கேயே கையைக் குவித்துக் கும்பிட்டாள். பஸ் ஸ்டாண்டில் என் மகளுக்கு ஜவ்வுமிட்டாயில் கடிகாரம் கட்டிவிட்டாள். மலை ஏறும்போது மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனோம்.

செம்பி தெரிந்துதான் துரையை விரட்டியதா? ஒரு நாய்க்கு இன்னொரு நாயின் நோய் வாசனையில் தெரியுமா? பிற்பாடு ஒரு மாட்டு டாக்டரிடம் கேட்டேன். தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம் என்றார். என் மனசில் நிற்பது ஒன்றுதான். வலியை எடுத்துக்கொண்டு மனிதர்களிடம் ஓடிவருவது துரையின் குணம். அந்தக் குணத்துக்காகத்தான் எல்லோரும் அதற்குச் செல்லம் கொடுத்தோம். சாகப்போகும்போதும் அது குணம் மாறவில்லை. விலகி நிற்பது செம்பியின் குணம். அதற்காக அதைச் சிடுமூஞ்சி என்றோம். அந்தச் சிடுமூஞ்சியைத்தான் காவல் காத்தோம்.

மாசியில் புளி உலுக்கும் வேலை. அக்கா களத்தில் உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். புளித் தூசியாக இருக்கும் என்று கழுவிக்கொண்டாள். பிறகு காய்ச்சல், தூக்கமில்லை, நெஞ்சை அடைக்கிறது என்றாள். அவள் வாய் திறந்து சொன்னதே அண்ணனைப் பயமுறுத்திவிட்டது. நான் வகுப்பில் இருந்தபோது புளி ஏற்ற வந்த லாரியில் அவளைக் கீழே கூட்டிப்போனார். மணியடித்துவிட்டு வந்தபோது களத்தில் பாதி தட்டிய புளி கிடந்தது. மலைக்காய்ச்சல் என்று நினைத்து, தட்டாத புளியை என் மகளும் நானும் அள்ளி உள்ளே வைத்தோம். ஒவ்வொரு சாயங்காலமும் பஸ் சத்தம் கேட்டதும் பலாமரம்வரை போய் நின்றேன். யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் பஸ் போன பிறகு, இருட்டுக்கு முன்னால், அண்ணன் தனியாக மேலேறி வந்தார். தன் வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அண்ணன் சத்தம் போடாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"டீச்சர், பாப்பா எங்க?"

உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"தண்ணி குடிக்குதா?"

எனக்குப் புரியவில்லை. குடிக்கிறாள், ஏன் என்றேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்றேன். என் கணவர் வெளியே வந்தார்.

"டாக்டரு நாய் கடிச்சிதான்னு கேட்டாரு. கடிக்கலன்னு அவ சொன்னா. எலும்பு எடுக்கக் கைய வுட்டேன்னு சொன்னப்புறந்தான் அவுருக்கு வெளங்கிச்சி. தண்ணி டம்ளரக் கண்டாலே ஒடம்பு தூக்கிப் போடுது. ஆனா நெனவு தப்பல. நடுவுல நடுவுல தெளிவாப் பேசினா." கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'பாப்பா தொரயக் கட்டிப்புடிச்சி முத்தம் குடுக்கும், மொகமெல்லாம் நக்குவான். பாதி ஊசியில நிறுத்திட்டாங்க, அத்த மறுபடியும் போட்டாவணும். எனக்காக இங்க நின்னு அழுதுகினு இருக்காத, போய் பாப்பாவ இட்டாந்து காட்டு'ன்னா. அதுதான் அவ கடைசியாச் சொன்னது. காத்தால முடிஞ்சி போச்சி. அவள அங்கயே வுட்டுட்டு வந்துகீறேன். கீழ ஜீப்பு நிக்குது டீச்சர். பாப்பாவத் தூக்கினு வாங்க."